அயன் முனையில் நிற்கும் சூடு

மாத்தளை திருகோணமலை வீதியில் மின்சாமான் கடை ஒன்றுக்குள் பள்ளிச் சீருடையோடு நுழையும் பையன், "அண்ணே, சோல்டரிங் அயன் ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டால், "எத்தன வாட்ல வேணும் தம்பி?" என்ற கேள்விதான் முதலில் திரும்பி வரும். கண்ணாடி அலுமாரிக்குள் 25, 40, 60 என்று எண் அச்சிட்ட அட்டைகளில் அயன்கள் தொங்கும். எண் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் வேலை சுலபம் என்று 60-ஐ எடுத்துப் போகிறவர்கள் உண்டு. சின்ன வேலைக்குச் சின்ன எண் போதும் என்று 25-ஐ வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டும் அரைக் கணக்கு. அயனை எடைபோட வேண்டிய விஷயங்களில் வாட் ஒன்றே ஒன்று. அதுவும் தனியாக நின்றால் பெரிதாக எதையும் சொல்லாது.

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாத்தளை வீதிகளில் இறங்கும். வைகாசியில் வெசாக் வரும். இந்த இரண்டு பருவங்களுக்கும் முன்னால்தான் இலத்திரனியலில் ஆர்வமுள்ள இளைஞர்களின் மேசைகளில் ஓடும் விளக்குகள் உருவாகின்றன. சுற்று பழையது, ஆனால் இன்னும் அலுக்காதது. 1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்த 555 என்ற எட்டுக்கால் சில்லு தாளம் போடும். 4017 என்ற பதினாறுகால் சில்லு அந்தத் தாளத்துக்கு ஏற்பத் தன் பத்து வெளியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக உயிர்ப்பிக்கும். நூறு எல்.இ.டி. கோர்த்தால் அவற்றுக்கு மட்டும் இருநூறு இணைப்பு. சில்லுகள், தடையிகள், வயர்கள் எல்லாம் வேறு. இருநூறில் ஒன்று ஒழுங்காகப் பிடிக்காவிட்டாலும் ஓட்டம் நடுவில் அறுந்துபோகும். க.பொ.த. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவு வந்த பிறகு, இந்த வேலை பொழுதுபோக்கு என்ற வட்டத்தைத் தாண்டிப் பாடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆகவே ஒரு மாணவன் முதன்முதலில் வாங்கும் அயன் எப்படிப்பட்டது என்பது சின்ன விஷயமல்ல. மோசமான அயனோடு போராடித் தோற்ற பலர், தமக்குக் கை வரவில்லை என்று முடிவுகட்டி இந்தத் துறையை விட்டே விலகியிருக்கிறார்கள். தவறு பெரும்பாலும் கையில் இருந்ததில்லை.

வாட் என்பது ஒவ்வொரு விநாடியும் அயன் வாங்கிக்கொள்ளும் ஆற்றலின் அளவு. முனை எத்தனை பாகையில் நிற்கும் என்பதை அது தனியாகத் தீர்மானிப்பதில்லை. உள்ளே வரும் வெப்பமும் காற்றுக்குப் போகும் வெப்பமும் எங்கே சமப்படுகின்றனவோ அங்கேதான் வெப்பநிலை நிற்கும். 60 வாட் அயனின் உடம்பு பருத்தது. அது இழக்கும் வெப்பமும் அதிகம். அதனால் தாங்கியில் சும்மா கிடக்கும் 25 வாட் அயனும் 60 வாட் அயனும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கக்கூடும். முனை செம்பைத் தொட்ட கணத்தில்தான் வித்தியாசம் தெரியவரும்.

சோல்டர் உருகப் பெரிய சூடு தேவையில்லை. தனி வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலும் தனி ஈயம் 327 பாகையிலும் உருகும். நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தால், இரண்டையும் விடக் குறைவாக, 183 பாகையிலேயே ஒரே அடியாக உருகிவிடும். ஈயம் இல்லாத கலவைகள் 217 முதல் 227 பாகை வரை கேட்கும். அப்படியென்றால் முனையை 320, 350 என்று ஏன் வைக்கிறார்கள்? சூடு பாய வேண்டும் என்பதற்காக.

உக்குவளை மின்நிலையத்தை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 1976இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்துக்குப் பொல்கொல்ல அணைக்கட்டிலிருந்து மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியே வருகிறது. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதோடு, சுரங்கத்துக்குள் விநாடிக்கு எவ்வளவு நீர் பாய முடியும் என்பதும் சேர்ந்துதான் அங்கே ஏறத்தாழ 40 மெகாவாட் பிறக்கிறது. அயன் முனையின் வெப்பநிலை அந்த உயரம் என்றால், முனையின் பருமனும் அது செம்போடு படியும் பரப்பும் அந்தச் சுரங்கம். 450 பாகையில் கொதிக்கும் ஊசிமுனையை விட, 330 பாகையில் நிற்கும் அகன்ற முனை வேகமாக வேலையை முடிப்பது இதனால்தான்.

இதைப் புரிந்துகொள்ள இலத்திரனியலுக்கு வெளியே, கூரைப் பீலி ஒட்டும் தகரவேலைக்காரரின் பழைய கருவியைப் பார்ப்பது நல்லது. கம்பியின் நுனியில் அரைக் கிலோ செம்புக் கட்டி. அதற்கு வயரும் இல்லை, வாட்டும் இல்லை. கரி அடுப்பில் காய்ச்சி எடுத்து, தகட்டின் விளிம்பில் வைத்து இழுத்தால் ஒரு முழ நீளத்துக்கு ஈயம் ஓடும். ஒரு கிராம் செம்பு ஒரு பாகை குளிர்ந்தால் 0.385 ஜூல் வெப்பத்தை விடும். அரைக் கிலோக் கட்டி 400 பாகையிலிருந்து 250 பாகைக்கு இறங்கும்போது விடுவது ஏறத்தாழ 29,000 ஜூல். அத்தனையும் முன்கூட்டியே சேர்த்து வைத்த சூடு.

மேசையில் கிடக்கும் சிறு அயனின் முனையில் செம்பு மூன்று கிராம் இருந்தால், அதே இறக்கத்தில் அது விடுவது வெறும் 170 ஜூல்தான். மிச்சம் வேண்டுமென்றால் பின்னாலிருக்கும் சூடேற்றி உடனுக்குடன் அனுப்ப வேண்டும். 25 வாட் சூடேற்றி மூன்று விநாடியில் அனுப்பக்கூடியது அதிகபட்சம் 75 ஜூல். எல்.இ.டி.யின் மெல்லிய காலுக்கு இது தாராளம். ஒலிபெருக்கிக்குப் போகும் தடித்த வயருக்கோ, போர்டில் அகலமாகப் பரவிய செம்புப் பரப்புக்கோ இது போதவே போதாது. தொட்ட இடமெல்லாம் சூட்டை உறிஞ்சிக்கொண்டு முனையையே குளிர்வித்துவிடும். அயன் வாங்குகிறவர் கேட்க வேண்டியது இதைத்தான்: தொட்ட கணத்தில் இழந்த சூட்டை இந்தக் கருவி எவ்வளவு விரைவாகத் திரும்பக் கொண்டுவரும்?

தகரவேலைக்காரர் தகட்டில் தடவும் அமிலத்தை மட்டும் இலத்திரனியல் மேசைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. பீலியில் மழை கழுவிவிடும் அந்த அமிலம், போர்டில் மாதக்கணக்கில் தங்கிச் செம்பைத் தின்றுவிடும். ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் பக்கத்து ஈரக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இங்கே வேண்டியது பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின்.

நல்ல இணைப்பு ஒன்று உருவாகும் விதத்தைக் கண்ணை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 4017இன் ஒரு கால், அதைச் சுற்றி மெல்லிய செம்பு வளையம். அடுத்த காலுக்கு 2.54 மில்லிமீற்றர்தான் தூரம். முனையின் தட்டையான பக்கம் காலையும் வளையத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து 0.8 மில்லிமீற்றர் சோல்டர் கம்பி நெருங்குகிறது. முதலில் கம்பிக்குள் இருக்கும் ரோசின் இளகி ஓடி, செம்பின் மேல் படிந்த ஒட்சைட்டைக் கரைக்கிறது. மெல்லிய வெண்புகை எழுகிறது. மறுகணம் சோல்டர் உருண்டை தன் வடிவத்தை இழந்து, வளையத்தின் விளிம்புவரை வழுக்கிப் பரவி, காலைச் சுற்றி மேலேறிப் பளபளக்கிறது. கம்பியை எடுத்து, பிறகு அயனை எடுத்தால் முடிந்தது. எல்லாம் இரண்டு மூன்று விநாடி. அந்த நேரத்துக்குள் வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கரைத்து, ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற விகிதத்தில் புதிய சேர்மப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அதன் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றர் அளவுதான். இணைப்பைப் பிடித்து நிறுத்துவது அந்தப் படலமே. அது உருவாகாத இடத்தில் சோல்டர் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். விரலால் அசைத்தால் விளக்கு மினுங்கும்.

சூடு போதாத அயனோடு இதே வேலையைச் செய்கிறவர் பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று அழுத்திப் பிடிப்பார். சோல்டர் உருகுவதற்குள் சூடு காலின் வழியே சில்லுக்குள் ஏறும். செம்பு வளையத்தைப் போர்டோடு ஒட்டியிருக்கும் பசை இளகி, வளையம் உரிந்து வரும். சேர்மப் படலமும் தடித்து நொறுங்கும் தன்மை பெறும். பலவீனமான அயன் மென்மையானது, உறுப்புகளுக்குப் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. வெப்பநிலை கட்டுக்குள் இருக்கும் வலுவான அயன்தான் தொட்டு, முடித்து, விலகும்.

இனி மாத்தளையின் மின்சாரத்துக்கு வரலாம். இலங்கையில் வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட் விதி. ஆறு விழுக்காடு ஏறலாம், இறங்கலாம். அதாவது 216 முதல் 244 வரை. சூடேற்றிக் கம்பியின் தடை ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், வாட் வோல்ட்டின் வர்க்கத்தோடு நகரும். 25 வாட் என்று எழுதிய அயன் 216 வோல்ட்டில் 22 வாட்டாகவும் 244 வோல்ட்டில் 28 வாட்டாகவும் ஆகிவிடும். 230 வோல்ட்டில் முனை 400 பாகையில் நிற்குமென்றால், தோராயக் கணக்கில் அது 355க்கும் 445க்கும் இடையே அலையும். காலையில் நன்றாக வேலை செய்த அயன், ஊரே விளக்கும் அடுப்பும் போடும் மாலை ஏழு மணிக்கு மந்தமாவது இதனால்தான். மின்நிலையம் உக்குவளையில் பக்கத்திலேயே இருந்தாலும் பயனில்லை. வீட்டு வோல்ட்டைத் தீர்மானிப்பது ட்ரான்ஸ்போமரிலிருந்து வரும் கடைசித் தூரத்து வயர். எல்கடுவ மலைச்சரிவில், நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டில் 190 வரை விழுந்தால், அதே 25 வாட் அயனுக்குக் கிடைப்பது 17 வாட்தான். அங்கே இருக்கும் பையன் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தாலும் இணைப்பு மங்கலாகத்தான் வரும்.

இந்த அலைச்சலுக்கு மருந்து, முனையின் சூட்டை அளந்து தானே திருத்திக்கொள்ளும் அயன். அதன் கதை சுவையானது.

மின்சாரத்தால் சூடாகும் சோல்டரிங் அயனைப் பெருமளவில் உற்பத்தி செய்ய ஏர்ன்ஸ்ட் சாக்ஸ் 1921இல் பெர்லினில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஏர்சா. அதே 1921இல்தான் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக எட்வர்ட் ஹார்ப்பர் இலங்கைக்கு வந்தார். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அவருடைய ஆட்கள் ஒலிபரப்புக் கருவி ஒன்றைக் கட்டி, 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. கிடைத்த பாகத்தைக் கழற்றி, சோல்டர் பிடித்து, வேறொன்றாக உயிர்ப்பிக்கும் பழக்கம் இந்த நாட்டில் வானொலியோடு பிறந்தது. இன்றும் மாத்தளையின் பழுதுபார்க்கும் கடைகளில் அது குறையவில்லை.

அந்தக் கால அயன்களுக்குத் தம் சூடு தெரியாது. அதைத் தெரியவைத்த வழிகளில் மிக அழகானது, அமெரிக்காவின் வெல்லர் நிறுவனம் கொண்டுவந்து 1960களில் பரவலான மக்னஸ்டாட். அதில் இலத்திரனியல் எதுவும் கிடையாது. முனையின் அடிப்புறத்தில் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத் துண்டு ஒன்று இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது உள்ளிருக்கும் காந்தத்தை இழுத்து ஆளியை மூடும், சூடேறும். குறித்த வெப்பநிலை வந்ததும் அந்தத் துண்டு காந்த ஈர்ப்பை இழந்துவிடும். பியர் கியூரி 1895இல் ஆராய்ந்து விளக்கிய குணம் இது. அந்த வெப்பநிலை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தூய இரும்புக்கு அது 770 பாகை. கலப்புலோகத்தை மாற்றி அதை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரலாம். ஈர்ப்புப் போனதும் வில் காந்தத்தைப் பின்னுக்கு இழுக்கும், ஆளி திறக்கும், 'டிக்' என்ற ஒலி கேட்கும். முனையின் பின்புறத்தில் 7 என்று பொறித்திருந்தால் 700 பாகை பாரன்ஹைட், அதாவது 370 பாகை செல்சியஸ் சொச்சம். வேறு சூடு வேண்டுமானால் வேறு எண் முனையை மாட்ட வேண்டும். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் உலோகத்தின் கியூரி வெப்பநிலை மாறாது என்பதால், அலையும் மின்சாரத்துக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

இன்று கடைகளில் அதிகம் தென்படுவது வேறு வகை. 1952இல் ஒசாக்காவில் தொடங்கிய ஹக்கோ நிறுவனத்தின் 936 என்ற நிலையம் அதன் மூத்த முன்மாதிரி. பெட்டிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 24 வோல்ட்டாக இறக்கும். கைப்பிடிக்குள் பீங்கான் சூடேற்றியும் சூட்டை உணரும் உணரியும் இருக்கும். கட்டுப்பாட்டுச் சுற்று தேவைக்கேற்ப மின்சாரத்தைத் திறந்து மூடும். ஹக்கோ அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டாலும், அதே எண்ணைத் தாங்கிய சீனப் பிரதிகள் உலகெங்கும் ஓடுகின்றன. பிரதி என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. முனை தேய்ந்தால் மாற்று முனை கிடைப்பதே அவற்றின் பெரும் பலம். ஒரு குறை உண்டு. உள்ளீடற்ற முனைக்குள் சூடேற்றி செருகப்பட்டிருப்பதால் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். சூடு அதைத் தாண்டி வர வேண்டும். அடுத்து வந்த டி12 வகையில் சூடேற்றி, உணரி, முனை மூன்றும் ஒரே உறை. இழந்த சூட்டை அது கண்ணெதிரே மீட்டுக்கொள்ளும். பணம் இடம் கொடுத்தால் இரண்டில் டி12 வகையே மேல்.

கைப்பிடியில் பாகை எண்களோடு திருகு வைத்த மலிவு அயன்களிடம் எச்சரிக்கை தேவை. அவற்றுள் சிலவற்றில் உணரியே கிடையாது. மின்விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது போன்ற சுற்றுதான். திருகில் 350 என்று இருப்பது வெறும் அச்சு. சோதித்தறிய வழியுண்டு. அயன் சூடேறி நிலைக்கு வந்து குறிகாட்டி விளக்கு அணைந்த பிறகு, முனையை ஈரப் பஞ்சில் சற்று அழுத்தினால், உணரி உள்ள அயன் குளிர்ச்சியைக் கண்டு உடனே விளக்கை எரியவிட்டுச் சூடேற்றத் தொடங்கும். உணரி இல்லாதது எதையும் கவனிக்காமல் இருக்கும்.

முனையைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. ஆனால் பாதி வித்தை அங்கேதான் இருக்கிறது. பழைய அயன்களின் முனை வெறும் செம்பு. சூடான வெள்ளீயம் செம்பைக் கரைக்கும் என்பதால் முனை குழிந்துபோகும். அரத்தால் ராவி மறுபடி சமப்படுத்துவார்கள். இன்றைய நல்ல முனைகளில் செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு உண்டு. இரும்பு வெள்ளீயத்தில் மிக மெதுவாகவே கரையும். வேலை செய்யும் நுனியைத் தவிர மற்ற இடத்தில் சோல்டர் ஒட்டாதபடி குரோமியம் பூசியிருக்கும். அப்பாவோ மாமாவோ பழைய பழக்கத்தில் புது முனையை அரத்தால் ராவிக் கொடுத்தால், இரும்புப் பூச்சு போய், உள்ளே இருக்கும் செம்பு சில நாளில் அரிக்கப்பட்டு முனை குப்பைக்குப் போகும். கறுத்த முனையை ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, புது சோல்டர் பூசி, பூசியபடியே அணைத்து வைத்தால் அது நெடுநாள் உழைக்கும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, நுண்ணிய வேலைக்கு ஊசிமுனை என்ற எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. கூம்பின் நுனி ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளிக்குச் சூடு வந்து சேரும் பாதையும் ஒடுங்கியது. உளி வடிவ முனை முழு விளிம்பால் படியும். சாதாரண போர்டுகளுக்கு 2.4 மில்லிமீற்றர் உளி, நெருக்கமான கால்களுக்கு 1.6 மில்லிமீற்றர் உளி என்று இரண்டு இருந்தால் தேர் விளக்கிலிருந்து அம்ப்ளிபயர் வரை வேலை ஓடும். மலிவு அயன்கள் பெரும்பாலும் கூம்பு முனையோடுதான் வருகின்றன. அயன் வாங்கும் அன்றே உளி முனையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டு கால் பிளக்கோடு வரும் அயனை, 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் துளையில் பேனாவை விட்டுக் கதவைத் திறந்து செருகும் வழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. அந்த மேல் துளைதான் புவித்தொடுப்பு; அந்த அயனுக்கு அது இல்லை. உள்ளே காப்பு பழுதானால் முனையே மின்னேறி நிற்கும். பழுதாகாத நிலையிலும் சிறு கசிவு முனைக்கு வரும். கைக்கு அது இலேசான சுணைப்பு. 4017 போன்ற சில்லுகளுக்கும் அம்ப்ளிபயரின் மொஸ்பெட்டுகளுக்கும் உள்ளிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைக்க அது போதுமானதாகிவிடலாம். மூன்று கால் பிளக்கும், புவிக் கம்பியோடு உண்மையாகவே தொடர்புள்ள முனையும் கட்டாயம். இரண்டு கால் அயன்தான் கைவசம் என்றால், சில்லுக்குப் பதிலாக முதலில் அதன் தாங்கியைப் போர்டில் சோல்டர் பிடித்து, அயனைக் கழற்றிய பிறகு சில்லைச் செருகலாம். அந்தத் தாங்கி மலிவானது, சில்லைக் காப்பாற்றும்.

மல்டிமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கடையிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும். நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண அயனின் பிளக்கில் இரண்டு மின்கால்களுக்கு இடையே தடையை அளக்க வேண்டும். 25 வாட் என்றால் ஏறத்தாழ 2,100 ஓம், 40 வாட்டுக்கு 1,300, 60 வாட்டுக்கு 880 காட்ட வேண்டும். சூடேற்றி நைக்குரோம் கம்பியாக இருந்தால் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். பீங்கான் வகைகளில் குளிர்ந்த நிலைத் தடை குறைவாக இருக்கலாம். அட்டையில் 60 என்று அச்சிட்ட நைக்குரோம் அயன் 1,500 ஓம் காட்டினால் அதற்குள் இருப்பது 35 வாட் கம்பி. பிறகு முனைக்கும் புவிக் காலுக்கும் இடையே அளந்தால் சில ஓம் மட்டுமே வர வேண்டும். முனைக்கும் மின்கால்களுக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. 936 பிரதிகளையும் இப்படிச் சோதிப்பது நல்லது. புவிக் கம்பி உள்ளே இணைக்கப்படாமல் வருபவை அவற்றிலும் உண்டு.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது சுவர் மின்சாரத்தை மட்டும் நம்பிய மேசைகள் முடங்கின. அதே மாதங்களில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. புதுச் சாமான் வாங்குவதைவிடப் பழையதைப் பழுதுபார்ப்பது கட்டாயமானது. அப்போதிலிருந்து கவனிக்கத்தக்கவை, பைன்சில் போன்ற யூ.எஸ்.பி. அயன்கள். பேனா அளவுதான், உள்ளே சிறு கணினிச் சில்லும் உணரியும் உண்டு. முனையின் தடை 8 ஓம் என்று கொண்டால், 12 வோல்ட் கார் பட்டரியில் 18 வாட் கிடைக்கும். 20 வோல்ட் தரும் பவர் பேங்கில் 50 வாட். 24 வோல்ட்டில் 72. ஆகவே எந்த மின்மூலத்தோடு சேர்த்து வாங்குகிறோம் என்பதில்தான் அதன் வலு இருக்கிறது. ஐந்து வோல்ட் தொலைபேசிச் சார்ஜரில் அது பெயருக்குத்தான் சூடேறும். இரண்டு கால் அடப்டரில் ஓட்டும்போது முனை புவித்தொடுப்பு இல்லாமல் மிதக்கும். இத்தகைய சில அயன்களில் புவிக் கம்பியை மாட்டத் தனித் திருகு வைத்திருக்கிறார்கள். பட்டரியில் ஓட்டினால் அந்தத் தொல்லையே இல்லை. மின்சாரம் தளம்பும் தோட்டப் பகுதி மாணவனுக்கு, இன்றைய நிலையில், இந்த வகையே மிகப் பொருத்தமாகப் படுகிறது.

நகரத்தில் நிலையான மின்சாரம் இருப்பவர்களுக்கு உணரியுள்ள 60, 70 வாட் மேசை நிலையம். அதற்கும் பணம் இல்லையென்றால் 40 வாட், மூன்று கால் பிளக், உளி முனை. வேலை இல்லாத நேரத்தில் அணைத்துவிட வேண்டும், இல்லையேல் முனை வெந்து கறுக்கும். கூம்பு முனை மாட்டிய இரண்டு கால் 25 வாட் அயன், விலை எவ்வளவு குறைந்தாலும், புதிதாகக் கற்கிறவருக்கு வேண்டாம். மிச்சப்படும் பணத்தில் நல்ல சோல்டர் கம்பி வாங்கலாம்: 63/37 கலவை, ரோசின் உள்ளீடு, 0.8 மில்லிமீற்றர். கலவை சரியில்லாத கம்பி கூழ்போல் இழுபட்டு மங்கலாக உறையும். எந்த அயனாலும் அதைத் திருத்த முடியாது.

புகையில் ஈயம் இருக்கிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். ஈயம் கொதிப்பது 1,749 பாகையில்; அயன் முனையில் அது ஆவியாகிப் பறப்பதில்லை. புகை ரோசினுடையது. ஆனால் அதுவும் தீங்கற்றதல்ல. தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வருவது தொழில் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விஷயம். ஈயம் உடம்புக்குள் போகும் வழி விரலும் வாயும்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில், சமைப்பதும் படிப்பதும் பிள்ளைகள் தவழ்வதும் ஒரே தரையில் நடக்கும் வீட்டில், இது பெரிய விஷயம். மேசையை வாசலோரம் போட்டு, புகையை வெளியே இழுக்கும்படி விசிறியைத் திருப்பி வைக்கலாம். விளிம்புள்ள பழைய தட்டு ஒன்றுக்குள் வேலை செய்தால் சிந்தும் துணுக்குகள் தரைக்குப் போகாது. சோல்டர் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். வேலை முடிந்ததும் தட்டையும் மேசையையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைச் சமையல் பக்கம் கொண்டுபோகாமல் தனியே வைத்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.